குழாய்க்கு வேண்டும், மனிதருக்கு வேண்டாம்!

தொட்டி நிரம்பி வழியும் ஓவர்ப்ளோ குழாயைச் சாக்கடையோடு இணைத்துவிட்டால் வாசல் நனையாதாம், செலவும் மிச்சமாம்! நாம் கேட்கிறோம், தோழர்களே: சாக்கடை அடைத்துக்கொண்டால் கழிவு எங்கே போகும்? தரைத் தொட்டியானால் அதே குழாய் வழியே திரும்பிவரும். மாடித் தொட்டியானால் நாற்றமும் கரப்பானும் ஏறிவரும். 1933-ல் சிகாகோ நகரத்து ஓட்டல்கள் இரண்டில், பழுதுபட்ட குழாய்களால் கழிவு குடிநீரில் கலந்தது. அமீபா சீதபேதி பரவி 98 பேர் மாண்டனர்.

குழாய் சாதி பார்ப்பதில்லை, சதி செய்வதுமில்லை. அங்கே நடந்தது கவனக்குறைவு. ஆனால், 2022 டிசம்பரில் நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர் நிரம்பிய மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்ததே, அதைக் கொண்டுவந்தது குழாயா? இல்லை, மனிதக் கை!

குழாய்க்குப் பரிகாரம் எளிது. முனையைச் சாக்கடைக்குள் செருகாதீர். ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். வாயில் வலை கட்டுங்கள். அந்த இடைவெளிதான் குடிநீருக்குக் காவல். மனிதருக்கோ இடைவெளிதான் நோய்! குழாய்க்கு இடைவெளி வைப்போம். மனிதருக்கு இடையே வைத்திருப்பதை ஒழிப்போம்!