வண்டி காணிப்பாக்கத்துக்கு வருமா?

லண்டனில் டிரைவர் இல்லாத டாக்ஸி வரப்போகுதாமே, நீ ஏறுவியா? ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் குளிரையும் குழந்தைகளையும் விசாரித்து முடித்த கையோடு இதைத்தான் கேட்கிறார்கள். கூகுளின் தாய்க் கம்பெனிக்குச் சொந்தமான வேமோ, 2026ல் லண்டனில் இந்த டாக்ஸிகளை விடப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. உள்ளூர்க் கம்பெனியான வேவ், ஊபரோடு சேர்ந்து அதே வேலையில் இறங்குவதாக அந்த வருஷம் ஜூன் மாதமே சொல்லியிருந்தது. சேதி சித்தூர் வரைக்கும் போய்விட்டது.

ஏறுவேன். அதில் எனக்கு ஒன்றும் தயக்கம் இல்லை. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

ஐரோப்பா முழுக்க இப்போது ஒரே பாட்டு. ஜனங்களுக்கு இந்த வண்டிகள் மேல் நம்பிக்கை வரவைப்பது எப்படி? இலவசமாக ஒரு ரவுண்டு கூட்டிப் போகலாம், ஸ்கூல் பிள்ளைகளுக்குக் காட்டலாம், வண்டி எதையெல்லாம் பார்க்கிறது என்று உள்ளே திரையில் படம் போடலாம்... எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் பேங்க்கில் இருபது வருஷம் குப்பை கொட்டினவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதனாலெல்லாம் பழக்கம்தான் வரும்.

பழக்கத்துக்கு நம் வீட்டுப் பக்கமே உதாரணம் உண்டு. டாக்லேண்ட்ஸ் ரயில் 1987லிருந்து டிரைவர் கேபின் இல்லாமல்தான் ஓடுகிறது. முன் சீட்டுக்கு நம் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாத சனிக்கிழமை உண்டா? ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா முதல் நாள் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே உட்காருவார்கள், மூன்றாம் நாள் தூங்கிவிடுவார்கள். ஆனால் அது தண்டவாளத்தில் போகிற ரயில். உள்ளே ஊழியர் ஒருவர் இருக்கிறார், தேவைப்பட்டால் அவரே ஓட்டுவார். குறுக்கே மாடும் வராது, மாமியும் வராது :-)

நம்பிக்கை என்றால் திருமலை பஸ்ஸைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், உள்ளே மொட்டை அடித்த குழந்தைகள், லட்டுப் பைகள். ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் மலைப்பாதையை 1944ல் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தார். (அப்போது திருப்பதி மெட்ராஸ் மாகாணம். இந்தப் பேச்சை எடுத்தால் என் மாமா 1953ஐயும் 1960ஐயும் இழுத்து விடிய விடியப் பேசுவார், வேண்டாம் விடுங்கள்.) இரண்டாவது பாதை 1974ல் வந்தது. இப்போது ஏறுவதற்குப் புதுசு, இறங்குவதற்குப் பழசு.

எப்படிப்பா பயமில்லாமல் போகிறீர்கள் என்று கேட்டால், ஏழுமலையான் பார்த்துக்குவான் என்பார்கள். அலிபிரியில் சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். ஆனால் பெருமாளை மட்டும் நம்பி தேவஸ்தானம் ரோட்டை நடத்தவில்லை! மலை பஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. காரோ ஜீப்போ, கேட்டைத் தாண்டும் நேரம் பதிவாகும். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னால் அடுத்த கேட்டில் போய் நின்றால் வேகமாக ஓட்டினாய் என்று அபராதம். இறங்கத்தான் அதிக நேரம் என்பதைக் கவனியுங்கள், மலை தெரிந்தவன் போட்ட கணக்கு அது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நேரத்தைக் குறிக்கிற ஆள் டிரைவர் இல்லை. வண்டியின் முதலாளியும் இல்லை. மூன்றாவது ஒருத்தர் கையில் கணக்கு இருக்கிறது. பேங்க்கில் இதை மேக்கர், செக்கர் என்போம். என்ட்ரி போட்டவனே அதை பாஸ் பண்ண முடியாது. எம்டியாக இருந்தாலும் முடியாது.

2022 செப்டம்பரில் அந்த மலைக்கு எலெக்ட்ரிக் பஸ்கள் வந்தன. 2023 மே மாதம் அதில் ஒன்று இறங்கும்போது வளைவில் கவிழ்ந்து சிலருக்கு அடிபட்டது. அதே வருஷம் செப்டம்பரில் தேவஸ்தானத்தின் இலவச எலெக்ட்ரிக் பஸ் ஒன்றை ஒருவன் மலையிலிருந்து ஓட்டிக்கொண்டே போய்விட்டான்! நாயுடுபேட்டைப் பக்கம் பஸ் கிடைத்தது. ஊரே சிரித்தது. இதற்காக யாரும் எலெக்ட்ரிக் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. விபத்து நடந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும்.

அமெரிக்காவில் க்ரூஸ் கம்பெனிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 2023 அக்டோபர் 2, சான்ஃப்ரான்சிஸ்கோ. மனுஷர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை இடித்து, அவர் க்ரூஸ் வண்டியின் முன்னால் வந்து விழுந்தார். வண்டி மோதி நின்றது. பிறகு, ஓரமாக நிறுத்த வேண்டும் என்று தானே முடிவு செய்து, அடியில் சிக்கியவரை இருபது அடி இழுத்துக்கொண்டு போனது. முதல் இடி அதன் தப்பே இல்லை. ஆனால் இழுத்துப்போன பகுதியைக் கம்பெனி முழுசாகச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கலிஃபோர்னியா அந்த மாதமே பர்மிட்டை நிறுத்தியது. பொய்யான அறிக்கை கொடுத்ததை 2024 நவம்பரில் கம்பெனியே ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அடுத்த மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸித் திட்டத்துக்கே பணம் போடுவதை நிறுத்திவிட்டது. அந்தக் கம்பெனியைச் சாய்த்தது விபத்து இல்லை, மறைத்த வீடியோ.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இந்தியாவில் முதல் ஏடிஎம் 1987ல் பம்பாயில் வந்தது. எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு வர ரொம்ப நாள் ஆனது. 2006 வாக்கில் நான் சித்தூர் மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தபோது, பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டி வந்தார். "நைனா, மிஷினு மூவாயிரம் கொடுக்கலை, ஆனா கணக்குல கழிச்சிடுச்சு" என்றார். மிஷினின் ஜர்னல் ரோலைப் பார்த்தால் பணம் கொடுத்தாச்சு என்று அழகாக அச்சாகியிருந்தது. "பாட்டிம்மா, மிஷின் கொடுத்ததா சொல்லுதே" என்றார் பக்கத்து சீட்காரர். பாட்டி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "மிஷினு உங்களுது, ரோலும் உங்களுது. நான் எங்க போயி நைனா சாட்சி கொண்டாறது?"

இரண்டு நாள் கழித்து மிஷினைத் திறந்து பணத்தை எண்ணினோம். சரியாக மூவாயிரம் அதிகம். நோட்டுகள் வெளியே வராமல் உள்ளேயே சிக்கி, கழிவு டப்பாவில் விழுந்திருந்தன. பாட்டிக்குப் பணம் திரும்பியது. எண்ணிப் பார்க்கிற வழி ஒன்று இருந்ததால் திரும்பியது.

ஏடிஎம் மேல் நம் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்ததற்கு விளம்பரம் காரணம் இல்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டது. கணக்கில் யாரோ திருட்டுத்தனமாகப் பணம் எடுத்து, அதில் வாடிக்கையாளர் தப்பும் இல்லை, பேங்க் தப்பும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பேங்க். 2019ல் இன்னொன்று. ஏடிஎம் பணம் கொடுக்காமல் கணக்கில் கழித்தால் ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய். பாட்டி கேட்ட கேள்விக்குப் பல வருஷம் கழித்து வந்த பதில்.

பிரிட்டனில் இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதன் விலையை நாம் கண்ணெதிரே பார்த்தோம். போஸ்ட் ஆபீஸ் ஹொரைசன் விவகாரம். 1999க்கும் 2015க்கும் நடுவில் 900க்கும் மேற்பட்ட சப் போஸ்ட்மாஸ்டர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் பணம் குறைகிறது, ஆகவே நீ திருடன். இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பல அதில் அழிந்தன. இங்கிலாந்துக் கோர்ட்டில் கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்தது என்பதே முதல் அனுமானம். இல்லை என்றால் நீதான் காட்ட வேண்டும். மிஷினும் அவர்களுடையது, ரோலும் அவர்களுடையது!

ஒரு வேடிக்கை பாருங்கள். டிரைவர் இல்லாத வண்டிக்கான பிரிட்டிஷ் சட்டம் 2024 மே 20ல் ராஜா கையெழுத்துக்குப் போனது. போஸ்ட்மாஸ்டர்களின் தண்டனையை ரத்து செய்த சட்டம் மே 24ல். ஒரே வாரம். ஒரு கையால் கம்ப்யூட்டர் செய்த அநியாயத்தைத் துடைத்துவிட்டு, இன்னொரு கையால் அதனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கவனமும் திறமையும் உள்ள மனுஷ டிரைவருக்குக் குறையாமல் வண்டி ஓட்ட வேண்டும் என்கிறது. விபத்தை விசாரிக்கத் தனி இன்ஸ்பெக்டர்கள். பாதுகாப்பு விவரத்தை மறைக்கிற கம்பெனி மேல் கிரிமினல் குற்றம். அதற்கு முன்னால் 2018 சட்டம் ஒன்று உண்டு. வண்டி தானே ஓட்டும்போது விபத்து உண்டாக்கினால், அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பணம் கொடுக்க வேண்டும், பிறகு கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் வண்டிதான் விபத்தை உண்டாக்கியது என்பதையும், அந்த நொடியில் அது தானே ஓட்டிக்கொண்டிருந்தது என்பதையும் எதைக் கொண்டு காட்டுவது? மறுபடி அந்த ரோல்தான். 2021ல் நடைமுறைக்கு வந்த ஐநா விதி, ஹைவேயில் தானே ஓட்டும் காரில் ஒரு பதிவுக் கருவி கட்டாயம் என்கிறது. எப்போது கார் ஓட்டியது, எப்போது மனுஷர் ஓட்டினார் என்று அது குறித்துக்கொள்ளும். பதிவு இருக்கும், சரி. ஈஸ்ட்ஹாம் ஹைஸ்ட்ரீட்டில் காய்கறிப் பையோடு ரோட்டைக் கடந்த நம் அம்மா அடிபட்டால், அந்தப் பதிவு நம் கைக்கு வக்கீல் வைக்காமல் எத்தனை நாளில் வரும்?

சித்தூரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் வாங்கின கடனை இல்லை என்றாலோ, செய்ததைச் செய்யலை என்றாலோ, "காணிப்பாக்கம் வர்றியா?" என்பார்கள். குளத்தில் முங்கி எழுந்து, விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பாதிப் பேர் கோயிலுக்குப் போகிற வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லாரி டிரைவரைக் கூப்பிடலாம், பஸ் டிரைவரைக் கூப்பிடலாம். புது வண்டிக்குப் பூஜை போடவும் அதே காணிப்பாக்கத்துக்குத்தான் போகிறோம். டிரைவரே இல்லாத வண்டிக்குப் பூஜை போடலாம், சத்தியம் வாங்குவது யாரிடம்?

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. 2024ல் கொண்டுவந்த பொருள் பொறுப்புச் சட்டத்தில் சாஃப்ட்வேரும் ஒரு பொருள்தான். வழக்குக்குத் தேவையான ஆதாரத்தைக் கொடு என்று கோர்ட் கம்பெனிக்கு உத்தரவு போடலாம். கொடுக்க மறுத்தால், பொருளில் கோளாறு இருந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். ரிசர்வ் பேங்க் சர்க்குலரின் அண்ணன் மாதிரி. 2026 டிசம்பர் 9க்குப் பிறகு விற்பனைக்கு வரும் பொருளுக்கு இது பொருந்தும்.

இந்தியாவில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றவர் கட்கரி. டிரைவர்கள் வேலை போகும், விடமாட்டேன் என்று 2017லும் சொன்னார், 2023லும் சொன்னார். டிரைவர் வீட்டு அடுப்பை நினைத்துச் சொன்னது, மதிக்கிறேன். ஆனால் 2022ல் மட்டும் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். 2023ல் பிரிட்டனில் 1,624. 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பஸ் பாகராப்பேட்டை மலையில் விழுந்ததும், 2024 செப்டம்பரில் மொகிலி மலைப்பாதையில் பஸ்ஸும் லாரியும் மோதியதும் நம் பக்கத்துச் சாவுகள். தூங்காத, குடிக்காத டிரைவர் ஒருத்தன் கிடைப்பான் என்றால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திருப்பதி ஐஐடியிலேயே துல்லியமாக இடம் கண்டுபிடிக்கிற தொழில்நுட்பத்துக்கு மத்திய அரசு தனி மையம் வைத்திருக்கிறது. இந்த வண்டிகளுக்கு அதுதான் கண். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது நம் ரோட்டுக்கும் வரும். வரட்டும். ரோல் யார் கையில் என்பதை வண்டி வருவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும்.

பாரிஸிலும் ஃப்ராங்க்ஃபர்ட்டிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் உண்டு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்துவிட்டது, ஆகவே நமக்கு அது தானாகக் கிடைக்காது. 2024 சட்டம் 2027 இரண்டாம் பாதியில் முழுசாக அமலுக்கு வரும், அதற்குள் விதிகளை எழுதுவோம் என்று அரசு 2025ல் சொன்னது. கோர்ட்டில் கம்ப்யூட்டர் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீதி அமைச்சகமும் அந்த வருஷத் தொடக்கத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நம் எம்பிக்குக் கடிதம் எழுத அரைப் பக்கம் போதும். வண்டி நன்றாக ஓட்டுமா என்று கேட்டு அதை வீணாக்காதீர்கள். மோதினால் பதிவு யாரிடம் இருக்கும், அடிபட்டவருக்கு எத்தனை நாளில் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் என்ன தண்டம் என்று கேளுங்கள். நான் எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.