இணையத்திற்கும் உரிமமா?

கெலுகோரில் முன்னர்ப் பிரித்தானியப் படையினர் தங்கியிருந்த மிண்டன் பாசறையில் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்குப் பயிலும் மாணவன் ஒருவன் தன் கைப்பேசியில் நான்கு வரி எழுதி வெளியிடுகிறான். அவ்வரிகள் குற்றமா, அன்றா என்பதை எழுதுமுன் அவன் அறிந்துகொள்ள வழியுண்டா? இணையக் கட்டுப்பாடு பற்றிய வாதம் அனைத்தும் இவ்வொரு வினாவில் அடங்கும்.

கட்டுப்பாடே வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று. முதியோர் சேமிப்பைச் சூறையாடும் மோசடியும் சிறாரைச் சீரழிக்கும் படங்களும் தடுக்கப்படவேண்டியவையே. ஆனால், கள்வனுக்கென விரித்த வலையில் கட்டுரையாளனும் சிக்குவானாயின் குறை வலையில் உள்ளது.

இணையத்தைத் தணிக்கை செய்யத் தன்னில் இடமில்லை என 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் தன் 3 ஆம் பிரிவிலேயே உறுதி கூறியது. அச்சு உரிமம் இன்றியே 'மலேசியாகினி' 1999 இல் தோன்ற முடிந்தது. ஆயின், அதே சட்டத்தின் 233 ஆம் பிரிவு, பிறருக்கு எரிச்சலூட்டும் நோக்குடன் புண்படுத்தும் செய்தியை அனுப்புவதைக் குற்றமாக்கியது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் 'புண்படுத்தும்' என்பதை 'மிகவும் புண்படுத்தும்' என்றாக்கிற்று. சில விளக்கங்களையும் சேர்த்தது. உச்சத் தண்டத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்திற்று. 'எரிச்சலூட்டும் நோக்கு' மட்டும் அப்படியே நின்றது. ஊழலைச் சுட்டும் கட்டுரை ஊழல் புரிந்தாருக்கு எரிச்சலூட்டாமல் வேறென்ன செய்யும்? தமிழாசிரியர் ஏட்டில் சிவப்பு மையால் சுழித்தால், இது சந்திப்பிழை, இது ஒருமை பன்மை மயக்கம் எனப் பெயர் சொல்கிறார். 'எரிச்சலாக இருந்தது' என மதிப்பெண்ணைக் குறைத்தால் எந்தப் பெற்றோர் வாளாவிருப்பர்?

2025 சனவரி 1 முதல், நாட்டில் 80 இலட்சம் பயனரைக் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று. உரிமம் என்பது பினாங்கு நன்கறிந்த சொல். இத்தீவில் 1971 இல் பிறந்த 'ஸ்டார்' நாளேட்டின் உரிமம், 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது 'சின் சியூ ஜிட் போ', 'வாத்தான்' ஏடுகளின் உரிமத்துடன் பறிக்கப்பட்டது. அப்போது காவலில் வைக்கப்பட்டோருள் ஒருவரான கர்ப்பால் சிங்கைத்தான் கெலுகோர் மக்கள் பின்னர் 2004 இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். பினாங்கின் அலிரான் இயக்கம் மலாய் மொழியில் இதழ் நடத்த உரிமம் கேட்டு மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அம்மறுப்பைச் செல்லாதெனத் தள்ளியது. பின்னர் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும், அமைச்சர் தம் மறுப்புக்குக் காரணம் காட்ட நேர்ந்த இடம் நீதிமன்றம் ஒன்றே.

அந்த வாயிலையும் 1987 ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. அச்சுச் சட்டத்தின்கீழ் அமைச்சர் எடுக்கும் முடிவு இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் வினவத்தக்கதன்று என எழுதப்பட்டது. இணையத்திற்கென இனி வரும் ஒவ்வொரு விதியிலும் தேடவேண்டியது இவ்வாசகத்தையே. அச்சுச் சட்டத்திலிருந்து அது 2012 இல்தான் நீங்கியது. 1987 இல் மாணவராயிருந்தோர் அதற்குள் நரைகண்ட ஆசிரியர் ஆகியிருந்தனர்.