கைடு எழுதும் ஆங்கிலம்

சித்தூர், திருப்பதி பக்கம் ஒரு பத்தாம் வகுப்பு மாணவனிடம் ‘என் பொழுதுபோக்கு’ பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் தோட்டக்கலை என்று எழுதித் தருவான். வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட இருக்காது. கைடில் அப்படித்தான் இருக்கிறது. சொந்தமாக எழுதினால் பிழை வரும், பிழை வந்தால் மார்க் போகும். பையன் போடும் கணக்கில் தப்பே இல்லை.

இத்தனைக்கும் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், சில தெருக்களில் உருது என்று சரளமாகப் பேசி வளரும் பிள்ளைகள் இவர்கள்.

பழைய சித்தூர் மாவட்டத்தில்தான் மதனபள்ளி அருகே ரிஷிவேலி இருந்தது. (2022 பிரிவினையில் அது அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று.) ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்கும் கிராமப் பள்ளிகளுக்காக அங்கே உருவான அட்டை முறையில் பாட்டு, கதை, விளையாட்டு என்று குழந்தை தன் வேகத்தில் முன்னேறலாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதைக் கற்றுக்கொண்டன. 2007இல் ‘செயல்வழிக் கற்றல்’ என்று தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நல்ல ஏற்றுமதிதான். ஆனால் அந்தக் குதூகலம் தொடக்கப் பள்ளியோடு சரி. உயர்நிலைப் பள்ளி வாசலில் கைடு காத்திருக்கிறது.

மதனபள்ளிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1919 பிப்ரவரியில் அங்குள்ள பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்த தாகூர், தன் ‘ஜன கண மன’வை வங்காளத்தில் பாடிக் காட்டினார். அங்கேயே தன் கைப்பட ஆங்கிலத்திலும் எழுதினார். முதலில் சொந்த மொழியில் பாட்டு, அப்புறம்தான் ஆங்கிலம். இங்கோ ஆங்கில வகுப்பில் தாய்மொழி பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் உண்டு!

காளஹஸ்தியில் கலம்காரி துணி வரைகிறார்கள். ‘கலம்’ என்றாலே பேனாதான். மூங்கில் குச்சியைச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றிச் சாயத்தில் தோய்த்து, விரலால் அழுத்தி அழுத்தி வரைவார்கள். கறுப்புச் சாயத்துக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போடுவார்கள். இதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தெலுங்கில் சொல்லட்டும். பக்கத்துப் பெஞ்சுப் பெண் தமிழில் குறுக்கிடட்டும். பிறகு இருவரும் சேர்ந்து பத்து வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆசிரியர் அதை முதல் தடவை சிவப்பு மையைத் தொடாமல் வகுப்புக்கு உரக்கப் படிக்கட்டும். இலக்கணம் இரண்டாம் சுற்றில் வந்தால் போதும்.

கடிதம் எழுதும் பயிற்சியும் அப்படித்தான். வராத காய்ச்சலுக்குத் தலைமையாசிரியரிடம் எத்தனை தலைமுறை லீவு கேட்கும்? 2025இல் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்து, கிலோவுக்கு 4 ரூபாய் அரசு தர வேண்டியதாயிற்று. மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண் கலெக்டருக்குக் கடிதம் எழுதினால் அதில் கோபம் இருக்கும், கணக்கு இருக்கும். ஆங்கிலம் கொஞ்சம் நொண்டினால் என்ன?

நாற்பது ஐம்பது நோட்டுகள் திருத்தும் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வில் மார்க் கிடைக்காத எதையும் அவர் நடத்தத் துணியமாட்டார். பொதுத்தேர்வு வினாத்தாளில் கைடுக்குள் அடங்காத கேள்வி ஒன்றாவது வரட்டும். இன்று காலை உங்கள் தெருவில் முதலில் கேட்ட சத்தம் எது, ஒரு பக்கம் எழுதுக. அடுத்த வருஷமே கைடுகாரர்கள் அதற்கும் விடை அச்சடித்துவிடுவார்கள். அதனால் கேள்வியை வருஷா வருஷம் மாற்ற வேண்டியிருக்கும்.