பைக் ஏர் ஃபில்டர்: கம்பெனி ஃபில்டரா, வெளிமார்க்கெட் ஃபில்டரா?

"ஃபில்டரை மாத்துனா பிக்கப் ஏறும்": பைக் பிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மையா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் அமலில் உள்ளன. அதன்பின் வந்த பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் அளவை முடிவு செய்வது இசியு. ஃபில்டரை மட்டும் மாற்றினால் பவர் பெரிதாகக் கூடாது, சத்தம்தான் கூடும்.

வெளிமார்க்கெட் காட்டன் ஃபில்டரைக் கழுவி, ஆயில் தடவி மறுபடி போடலாம். அதுதான் லாபம். ஆனால் ஆயில் சரியாகப் பிடிக்காவிட்டால் நுண்தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். வாரன்டி கேட்கும்போதும் சிக்கல் வரலாம்.

தினமும் ஆபீஸ் போய்வர கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதும். தூசு ரோடு என்றால், சர்வீஸ் புக் சொல்லும் கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காம முன்னாடியே மாத்திடுங்க. இன்ஜின் வேலைச் செலவுக்கு முன்னால் புது ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை.