பிள்ளைக்குக் கொடுக்கும் அரைக்குளிசை

முதலாம் பாடத்திலேயே மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளை வகுப்பில் காண்கிறோம். விசாரித்தால், "ஒடம்பெல்லாம் தடிச்சிருச்சு டீச்சர், அம்மா காலையில பிரிட்டோன் குடுத்துச்சு" என்பார்கள். எவ்வளவு? "முழுசா ஒண்ணு."

தாய்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடிந்ததும் பெரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லை என்று வீட்டில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். அந்த அவசரத்தில் கைக்கு வருவது பெரியவர்களுக்கு வாங்கி வைத்த குளிசைதான்.

அந்தச் சின்னக் குளிசையில் வழக்கமாக 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அது பெரியவர்களின் அளவு. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதில் பாதி. 2 முதல் 5 வயது வரை கால் பங்கு, அதாவது 1 மில்லிகிராம். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பிளேடால் கால் பங்கு வெட்டினால் அளவு சரியாக வராது. சிறு பிள்ளைக்குப் பாணி மருந்தே நல்லது. அதையும் தேத்தண்ணிக் கரண்டியால் ஊற்றாதீர்கள். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். போத்தலோடு வரும் மூடியிலோ, ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

இருமல் பாணிகள் பலவற்றிலும் இதே வகை மருந்து கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே மருந்தை இரண்டு தரம் கொடுத்த கணக்கு. பிள்ளை தூங்கட்டும் என்று கொடுப்பதும் ஆபத்து. சில பிள்ளைகள் தூங்காமல் துள்ளிக் குதிப்பதும் உண்டு!

குளவி விசயம் வேறு. கொட்டிய பிறகு உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், வாந்தி எடுத்தால், மயங்கினால் குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்திருக்க வேண்டாம். அதற்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. உடனே 1990க்கு அழையுங்கள்; அம்புலன்சுக்குக் காசில்லை. வாகனம் கேட்டு நிர்வாகத்தையும் நெருக்குங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உறையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாவிட்டால் என்ன பயன்? டவுன் பார்மசியிலும் டிஸ்பென்சரியிலும் தரும் கடதாசி உறைகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கிறுக்கியிருக்கிறது. சிலவற்றில் மருந்தின் பெயரே இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு ஒருதரம் என்பதைத் தமிழில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வீட்டிலுள்ள மருந்து உறைகளைக் கொண்டு வாருங்கள். தமிழ் இல்லாத உறைகளை எண்ணி, அவற்றோடு துரையிடம் போவோம். டிஸ்பென்சரியில் பாணி மருந்தோடு அளவு மூடி தரவேண்டும் என்பதையும் அன்றைக்கே கேட்போம்.