எட்டாம் நம்பர் ஊசி: எந்த எட்டு?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், மாணவி ஒருத்தியின் தாயார் ஒரு மாலை பள்ளிக்கு வந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து உல்லன் நூல் வாங்கி, கொழுந்து பறித்த களைப்போடு இரவு இரவாக உட்கார்ந்து மகளுக்கு ஸ்வெட்டர் பின்னியிருந்தார். அதை விரித்துக் காட்டி, “டீச்சர், புத்தகத்திலே போட்டபடி எட்டாம் நம்பர் ஊசியிலேதான் பின்னினேன். இதுக்குள்ளே ரெண்டு பிள்ளை நுழையும் போலிருக்கே!” என்றார். வாய் சிரித்தது, கண் கலங்கியிருந்தது.

குற்றம் அவர் கையில் இல்லை, நம்பரில்தான். புத்தகம் பழைய ஆங்கிலேய முறையில் எழுதியது. அதில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அவரிடம் இருந்ததோ அமெரிக்க ஊசி. அதில் எட்டு என்றால் 5 மில்லிமீட்டர். ஆங்கிலேய முறையில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் தடிக்கும். ஆகவே நம்பரை நம்பாமல் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

நூலுக்கேற்ற ஊசி பொதுவாக இதுதான்:

மெல்லிய ஃபோர் பிளை நூல்: 3.25 மி.மீ.
நடுத்தர டபிள் நிட்டிங்: 4 மி.மீ.
தடித்த ஆரன்: 5 மி.மீ.
மிகத் தடித்த சங்கி: 6 மி.மீ. அல்லது அதற்கு மேல்.

நூலில் சுற்றிய சீட்டு தொலைந்துவிட்டதா? பிள்ளையின் அடிக்கோலை வாங்கி, அதில் ஓர் அங்குல நீளத்துக்கு நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றி எண்ணுங்கள். சுமார் 14 சுற்று வந்தால் ஃபோர் பிளை. 11 என்றால் டபிள் நிட்டிங். 8 என்றால் ஆரன்.

அடுத்து, சட்டையைத் தொடங்குமுன் சிறு சதுரம் ஒன்று பின்னி, அதன் நடுவில் 10 செ.மீ. அகலத்தை அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். டபிள் நிட்டிங்குக்குப் பெரும்பாலும் 22 கண்ணி இருக்கவேண்டும். அந்தத் தாயார் பின்னலில் 18தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 66 கண்ணி போட்டால் முன்பக்கம் 30 செ.மீ. வரவேண்டும், அவருக்கு 36 செ.மீ.க்கும் மேல் போய்விட்டது. பின்பக்கமும் அப்படியே! கண்ணி குறைந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள். கூடினால் தடித்த ஊசிக்கு மாறுங்கள். சதுரத்துக்குப் போன நூல் வீணில்லை. பிரித்து மறுபடி பயன்படுத்தலாம்.

அந்த ஸ்வெட்டரையும் பிரித்தோம். நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டோம். சுருக்கம் போயிற்று. 4 மி.மீ. ஊசியில் மீண்டும் பின்னினார். மழை மாதத்தில் மகள் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். மிஞ்சிய நூலில் தம்பிக்கு ஒரு தொப்பியும் ஆயிற்று.

ஒரு சதுரம் பின்ன ஒரு மாலை போதும், சகோதரிகளே. அந்த ஒரு மாலை, ஒரு மாதத்து உழைப்பைக் காப்பாற்றும்.