கோழிக்குத் தடுப்பூசி! கூலியாளுக்கு என்ன?

முட்டை வேண்டும். கோழிக்கறி வேண்டும். ஆனால் கோழிக் கொட்டகையில் என்ன பறக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பறப்பது தூசி!

கோழி செத்தால் பண்ணையில் கணக்கு எழுதுகிறார்கள். கூளம் கிளறும் பெண் இருமினால் அதற்குக் கணக்கு இல்லை. இது சரியல்ல.

என்ன தூசி?

தீவனத் தூள், காய்ந்த எச்சம், இறகுத் துணுக்கு, உமித் தூள் எல்லாம் சேர்ந்ததே கொட்டகைத் தூசி. கிருமிகளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெரிய தூசி மூக்கிலேயே நின்றுவிடும். பொடித் தூசிதான் பொல்லாதது. ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறு போட்டால், அதில் 4 கூறு அளவே உள்ள தூசி நுரையீரலின் அடிவரை போய்விடும். தலைமுடியின் பருமன் சுமார் 70 கூறு! நாள்தோறும் இந்தத் தூசியைச் சுவாசித்தால் இருமலும் இளைப்பும் வரும். கோழிக்கும் மூச்சு நோய் வரும்.

தானியம் சலிப்போரைத் தூசி வாட்டுவதை இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700-ம் ஆண்டிலேயே எழுதினார். இன்னும் தெரியாததுபோல் இருக்கலாமா?

இலுப்பூரில் செய்ய வேண்டியது

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் வெயில் காயும் பூமி. கோடையில் கூளம் சருகாகக் காய்ந்துவிடும். மிதித்தாலே புழுதி கிளம்பும்.

ஒரு பிடி கூளத்தை அள்ளி அழுத்திப் பார்க்க வேண்டும். கையை விரித்ததும் லேசாக ஒட்டி உதிர்ந்தால் பதம் சரி. ஒட்டவே இல்லை என்றால் கூளம் காய்ந்துவிட்டது. அப்போது பனிபோல் கொஞ்சம் நீர் தெளித்த பிறகே கிளற வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அதில் அம்மோனியா வாயு கிளம்பும். ரத்தக் கழிச்சலும் வரும். ஆகவே அளவு முக்கியம்.

மாவுத் தீவனத்தில் சிறிது தாவர எண்ணெய் கலந்தால் தூள் பறக்காது. குருணைத் தீவனத்தில் தூள் குறைவு. பக்கவாட்டு வலையில் படிந்த தூசியை அடிக்கடி துடைத்தால் காற்று தாராளமாக வரும்.

முந்தானை போதாது

முந்தானையோ துண்டோ பொடித் தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி வேண்டும். "புழுக்கமாக இருக்கிறது" என்று கழற்றிவிடுவார்கள் என்பது உண்மைதான். அதனால்தான் முதலில் தூசியைக் குறைக்க வேண்டும். கிளறும் நேரத்துக்கும், கூளம் அள்ளும் நாளுக்குமாவது முகமூடி கட்டாயம். வேலை முடிந்ததும் உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

"செலவாகுமே" என்பார்கள் சிலர். கோழிக்குத் தடுப்பூசி போட யாரும் தயங்குவதில்லை. அது செத்தால் நஷ்டம் என்று தெரியும். கூலிக்கு வரும் தாய் படுத்துவிட்டால் அவள் வீட்டு அடுப்பு எரியாதே! அந்த நஷ்டம் யார் கணக்கில்?

தீவனம், மருந்து, மின்சாரம் என்று எழுதும் கணக்கில் முகமூடிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அதை எழுத வேண்டியவர் கூலியாள் அல்ல, பண்ணைக்காரர்!